மருந்து வந்துவிட்டது, சோதனை எங்கே?



சென்ற திங்களில் ஒரு மாலை. மாவட்ட அலுவலகத்தில் கூட்டம் முடிந்து தோழர்கள் கலைந்துகொண்டிருந்த நேரம். நாற்பதாண்டு காலமாகப் பசை வாளியும் சுவரொட்டியுமாக இயக்கத்துக்கு உழைத்த தோழர் ஒருவர் என்னருகே வந்து நின்றார். கையிலே மஞ்சள் பை. பைக்குள்ளே எக்ஸ்ரே படங்கள், மருந்துச் சீட்டுகள், எல்லாவற்றுக்கும் அடியில் நான்காக மடித்த ஒரு தாள்.

"அண்ணே, வீட்டிலே அவளுக்கு நுரையீரலிலே புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். இந்தத் தாளிலே என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் படித்துச் சொல்லுங்கள், போதும்" என்றார்.

ஆங்கிலத்தில் மூன்றே வரி. 'சிறு உயிரணு வகையைச் சேராத புற்று. மேலும் வகைப்படுத்தத் திசு போதவில்லை. நோய் நிலையோடு பொருத்திப் பார்க்கவும்.' படித்துச் சொன்னேன்.

"அப்படியானால் அவளுக்கு வந்திருப்பது என்ன நோய் அண்ணே?"

எனக்கு விடை தெரியவில்லை. மேடையேறி மூன்று மணி நேரம் பேசத் தெரிந்த நமக்கு, மூன்று வரிக்குப் பொருள் சொல்லத் தெரியவில்லை. வெட்கத்தோடுதான் அன்று வீடு திரும்பினேன். பிறகு அறிந்த மருத்துவர்களைக் கேட்டேன்; நூல்களைப் புரட்டினேன். நோயைப் பற்றிக் கேட்கப் போனவன், ஆட்சியைப் பற்றிய கேள்வியோடு வந்து நிற்கிறேன்.

அந்த அம்மையார் பீடியைத் தொட்டவரல்லர். புகையிலையை வாயில் போட்டவரல்லர். விறகடுப்பின் முன் வாழ்நாளில் பாதியைக் கழித்தவர். இருமல் வந்தது, எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தது, காசநோய் என்றார்கள். மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை உண்டார். இருமல் நின்றபாடில்லை. பிறகுதான் ஸ்கேன், பிறகுதான் ஊசி வழியே திசு எடுக்கும் பயாப்சி, அதன் பிறகுதான் அந்த மூன்று வரி. இந்நாட்டில் நுரையீரல் புற்றுநோய் காசநோய் என்று தவறாகக் கருதப்படுவது அரிதாக நடக்கும் நிகழ்ச்சியன்று. மருத்துவ ஏடுகள் பல்லாண்டுகளாகச் சொல்லி வரும் செய்தி. முதலில் தவறான பெயர். அடுத்து, பாதிப் பெயர்.

பாதிப் பெயர் என்று ஏன் சொல்கிறேன்? ஒருவரிடம் 'உங்கள் ஊர் எது?' என்று கேட்கிறோம். 'மதுரை அன்று' என்கிறார். அதை விடையென்று ஏற்போமா? 'சிறு உயிரணு வகையைச் சேராதது' என்பதும் அத்தகைய விடையே. எதுவன்று என்பதைக் கூறுகிறது. எது என்பதைக் கூறவில்லை.

இப்படியொரு பெயர் வழக்கில் வந்ததற்கு வரலாறு உண்டு. 1912-ஆம் ஆண்டு நியூயார்க் மருத்துவர் ஐசக் ஆட்லர் நுரையீரல் புற்றைப் பற்றி நூலொன்று எழுதியபோது, இது மிக அரிய நோய்களுள் ஒன்று என்றே குறித்தார். இன்று? 2022-இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 24 இலட்சத்து 80 ஆயிரம் பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டது. 18 இலட்சம் பேருக்கு மேல் மாண்டனர். இந்தியாவில் அவ்வாண்டின் கணக்கு 80 ஆயிரத்துக்கும் மேல். இடையில் நடந்தது என்ன என்பதை நாடறியும். சிகரெட் ஆலைகள் செழித்தன. 1950-இல் டாலும் ஹில்லும் இலண்டனிலிருந்து உண்மையைச் சொன்னார்கள். ஆலை முதலாளிகள் அதை மறைக்கப் பணத்தை இறைத்தார்கள்.

நோய் பெருகப் பெருக, நுண்ணோக்கியின் கீழே இது ஒரே நோய் அன்று என்பதும் தெளிவாயிற்று. நார்வே நாட்டு நோய்க்குறியியல் அறிஞர் க்ரேபெர்க் முன்னின்று தொகுத்த வகைப்பாட்டை உலக சுகாதார நிறுவனம் 1967-இல் வெளியிட்டது. செதில் போன்ற உயிரணுக்களால் ஆன ஸ்குவாமஸ் வகை. சுரப்பி போன்ற அமைப்புடைய அடினோகார்சினோமா. ஓட்ஸ் தானியம் போன்ற சிற்றணுக்கள் நெருங்கி நிற்கும் சிறு உயிரணு வகை. இவற்றுள் அடங்காத பெரு உயிரணு வகை. இவைதாம் பெரும்பிரிவுகள். ஆயினும் மருத்துவர்க்கு வேண்டியிருந்தது ஒரே கேள்விக்கு விடை: இது சிறு உயிரணு வகையா, அன்றா? நூற்றில் ஏறத்தாழ 15 பேருக்கு வரும் அவ்வகை விரைந்து பரவும். பெரும்பாலும் கத்திக்கு வேலையில்லை. மற்ற 85 பேருக்கு, முற்றாத நிலையானால் அறுவை. முற்றிவிட்டால் எல்லோர்க்கும் ஒரே விதமான மருந்தேற்றம். மருந்து ஒன்றே என்னும்போது பெயர் மூன்று எதற்கு? அக்காலத்து நியாயம் அது. குறை கூறுவதற்கில்லை.

அந்த நியாயம் செத்து இருபதாண்டு ஆகிறது.

2004-இல் பெவாசிசுமாப் என்ற மருந்தைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. புற்றுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைத் தடுக்கும் மருந்து அது. ஸ்குவாமஸ் வகையினர் சிலருக்கு அதைக் கொடுத்தபோது நுரையீரலிலிருந்து குருதி பீறிட்டது, உயிரே போயிற்று. 2006-இல் அமெரிக்காவில் நுரையீரல் புற்றுக்கு அம்மருந்து ஒப்புதல் பெற்றபோது, ஸ்குவாமஸ் வகை விலக்கப்பட்டது. 2008-இல் பெமட்ரெக்செட் என்னும் இன்னொரு மருந்து, அடினோகார்சினோமாவுக்கு நன்கு பயன்படுகிறது, ஸ்குவாமஸ் வகைக்கு மற்ற மருந்தைவிடக் குறைவாகவே பயன்படுகிறது என்று மெய்ப்பிக்கப்பட்டது. ஒரு வகைக்கு அமுதம், இன்னொரு வகைக்கு நஞ்சு. இந்நிலையில் 'மதுரை அன்று' என்ற விடையோடு மருந்து கொடுப்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டு கொடுப்பவரே ஆவார்.

அதே 2004-ஆம் ஆண்டு இன்னொரு கதவும் திறந்தது. சில நோயாளிகளின் புற்றணுக்களில் ஈ.ஜி.எப்.ஆர். என்னும் மரபணு சிறு பிழையோடு இருக்கிறது. அப்பிழை உள்ளவர்க்கே ஜெபிடினிப் என்னும் மாத்திரை வேலை செய்கிறது என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். ஊசியன்று, மருந்தேற்றமன்று, நாளொன்றுக்கு ஒரு மாத்திரை.

2009-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றைத் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சீனா, ஜப்பான், தாய்லாந்து முதலிய ஆசிய நாடுகளில் 1,217 நோயாளிகள் அதில் சேர்க்கப்பட்டனர். எல்லோரும் அடினோகார்சினோமா உடையவர்; புகையே பிடிக்காதவர், அல்லது சிறிதளவு பிடித்து விட்டுவிட்டவர். பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தேற்றம். மரபணுப் பிழை உள்ளவரிடையே மாத்திரை உண்டவரில் நூற்றுக்கு 71 பேருக்குக் கட்டி சுருங்கிற்று. மருந்தேற்றம் பெற்றவரில் 47 பேருக்கு. பிழை இல்லாதவரிடையே? மாத்திரை உண்டவரில் நூற்றுக்கு ஒருவர்! மருந்தேற்றம் பெற்றவரிலோ 23 பேருக்கு மேல்.

அதே மாத்திரை, அதே நோய், அதே தோற்றம். ஒருவருக்கு வாழ்வு, மற்றவருக்கு ஏமாற்றம். யார் எவர் என்று சொல்லக்கூடியது சோதனை ஒன்றே.

"பெண்கள், புகை பிடிக்காதவர்கள் என்றால் பிழை இருக்கும் என்று ஊகித்துக் கொடுத்துவிடலாமே, சோதனைச் செலவு மிச்சம்" என்று கணக்குப் பிள்ளைகள் சிலர் கூறக்கூடும். அதற்கும் அந்த ஆய்விலேயே விடை உண்டு. ஊகத்துக்கு முற்றும் பொருந்தியவர்களாகப் பொறுக்கி எடுத்தவர்களுள் 437 பேரின் திசுவைச் சோதிக்க முடிந்தது. பிழை இருந்தது 261 பேருக்குத்தான். பத்தில் நால்வருக்கு ஊகம் பொய்த்தது.

2007-இல் ஜப்பானில் ஹிரோயுகி மானோ குழுவினர் ஏ.எல்.கே. என்ற வேறொரு மரபணுக் கோளாற்றைக் கண்டனர். நூற்றில் நாலைந்து பேருக்கே அது உண்டு. அந்தச் சிலருக்கோ, 2024-இல் வெளியான ஐந்தாண்டுக் கணக்கின்படி, லார்லாடினிப் என்னும் மாத்திரை பெற்றவரில் நூற்றுக்கு 60 பேர் நோய் முன்னேறாமல் இருந்தனர். அதற்கு முந்திய மருந்தைப் பெற்றவரில் 8 பேரே அந்நிலையில் இருந்தனர். முற்றிய நுரையீரல் புற்று என்றால் மாதங்களை எண்ணிய காலத்தைப் பார்த்த மருத்துவர்கள், இக்கணக்கைச் சொல்லும்போது குரல் தழுதழுப்பதைக் கேட்டேன். பெரும்பாலோர்க்கு இம்மாத்திரைகள் நோயை வேரோடு போக்குவதில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆண்டுகளை ஈட்டித் தருகின்றன. பிள்ளையின் படிப்பு முடியும் வரை, பெண்ணின் மணம் முடியும் வரை வாழ்வது ஏழைக் குடும்பத்துக்குச் சிறிய காரியமா?

சரி, இந்தச் சோதனை எப்படி நடக்கிறது? தெரிந்துகொண்டால்தான் எங்கே குறை என்று கேட்க முடியும்.

எடுத்த திசுவைப் பார்மலினில் இடுகிறார்கள். குறைந்தது ஆறு மணி நேரம், இரண்டு நாளுக்கு மேற்படாமல். பிறகு பாரபின் மெழுகில் பதித்துக் கட்டியாக்குகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் இதைப் 'பிளாக்' என்பார்கள். அதிலிருந்து மயிரிழையைவிடப் பன்மடங்கு மெல்லிய சீவல்களைச் சீவி, கண்ணாடி வில்லையில் ஒட்டி, ஊதாவும் இளஞ்சிவப்புமான சாயங்களை ஏற்றி, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். பயின்ற கண்ணுக்குப் பல வேளைகளில் அதுவே போதும். போதாதபோது, குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைச் சீவலில் ஊற்றுகிறார்கள். பற்றிய இடம் பழுப்பாகத் தெரியும். டி.டி.எப்-1 பழுப்பேறினால் அடினோகார்சினோமா என்பதற்குச் சான்று; பி-40 பழுப்பேறினால் ஸ்குவாமஸ். டி.டி.எப்-1 சிறு உயிரணு வகையிலும் பழுப்பேறக்கூடும். ஆகையால் சாயம் மட்டும் போதாது, பார்க்கும் கண்ணும் வேண்டும். அதன்பின் மிஞ்சிய சீவல்களில் மரபணுச் சோதனை.

இத்தகைய எதிர்ப்பொருள்களைத் தூய்மையாகவும் அளவின்றியும் உண்டாக்கும் முறையை 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் கண்டனர். 1984-இல் நோபல் பரிசு பெற்றனர். பிரிட்டிஷ் மக்களின் வரிப்பணத்தில் நடந்த ஆய்வுக்கூடம் அது. அந்த முறைக்குக் காப்புரிமை எடுக்கப்படவேயில்லை. மக்கள் பணத்தில் பிறந்து, தடையின்றி உலகுக்குச் சென்ற அறிவு, இன்று நம் மருத்துவமனைக்கு வரும்போது விலைச்சீட்டோடு வருகிறதே, அந்த விந்தையை என்னென்பது!

அந்த அம்மையாரின் திசு ஏன் போதவில்லை? இதைத் துருவிக் கேட்டேன். ஊசி வழியே வருவது நூலிழை போன்ற திசு. நுரையீரல் புற்றில் நூற்றுக்கு 70 பேருக்கு நோய் முற்றிய பிறகே தெரிய வருவதால், இந்த நூலிழையைத் தவிர வேறு திசு கிடைப்பதேயில்லை. அதில் ஒரு சாயம், இன்னொரு சாயம், மற்றுமொரு சாயம் என்று பத்துச் சாயம் போட்டுப் பார்த்தால், மரபணுச் சோதனைக்கு மெழுகுதான் மிஞ்சும். 2011-இலேயே உலக வல்லுநர்கள் கூடி, சிறு திசுவில் இரண்டு சாயங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மிச்சத்தை மரபணுவுக்கு வைத்திருங்கள் என்று நெறி வகுத்தார்கள். 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடே அதை ஏற்றது. எலும்பில் பரவிய புற்றிலிருந்து எடுத்த திசுவாயின், எலும்பைக் கரைக்க வன்மையான அமிலத்தை ஊற்றினால் மரபணுவும் சிதைந்துபோகும். பார்மலினில் வாரக்கணக்காகக் கிடந்தாலும் அதே கதி. பெரிய கருவி இல்லாததால் மட்டும் ஏழையின் சோதனை பொய்ப்பதில்லை. ஒரு புட்டி பார்மலினைச் சரியாகக் கலக்காததாலும், வார விடுமுறையில் அதை யாரும் எடுத்துப் பார்க்காததாலும் பொய்க்கிறது. இதற்குக் கோடிகள் வேண்டுமா? ஆளும் ஒழுங்கும் வேண்டும்.

தலையெழுத்து என்று சொல்லிச் சொல்லியே இந்த மக்களைச் சுடுகாட்டுக்கு அனுப்பிய நாடு இது. அந்த எழுத்தை எவனும் படித்துக் காட்டியதில்லை. புற்றணுவின் எழுத்தையோ படிக்கலாம். எந்த இடத்தில் எந்த எழுத்துப் பிழை என்றுகூடச் சொல்லலாம். படிக்கும் வசதி இருந்தும் படிக்காமல் விடுவதற்கு விதி என்று பெயரிடுவது பகுத்தறிவாளர்க்கு அடுக்குமா?

மருந்தின் விலைக்காக இந்நாடு போராடியதுண்டு, வென்றதும் உண்டு. ஜெபிடினிப் மாத்திரைக்கு அயல்நாட்டு நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2007-இல் இந்தியக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 2012-இல் மேல்முறையீட்டு வாரியமும் அம்மறுப்பை நிலைநாட்டிற்று. உள்நாட்டு நிறுவனங்கள் அம்மாத்திரையைச் செய்தன, விலை இறங்கிற்று. நல்லது. 2024 ஜூலையில் ஒன்றிய அரசின் வரவு செலவுத் திட்டத்தில் மூன்று புற்றுநோய் மருந்துகளுக்குச் சுங்கவரி நீக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று ஆசிமெர்டினிப். ஈ.ஜி.எப்.ஆர். பிழை உள்ளவர்க்கே உரிய மாத்திரை. அதுவும் நல்லதே. ஆனால் ஒன்று கேட்கிறேன்: அந்தப் பிழை உள்ளவர் யார் என்று அறியும் சோதனையைப் பற்றி அந்த உரையில் யாராவது கவலைப்பட்டார்களா? பூட்டுக்குச் சாவி மலிவாயிற்று என்று பறையறைந்தார்கள். எது தன் வீட்டுப் பூட்டு என்று தெரியாத ஏழை, சாவியை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

உலகமே இப்படித்தான் இருந்திருக்கிறது. இன்றியமையாத மருந்துகளின் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 1977-இலேயே வெளியிட்டது. இன்றியமையாத சோதனைகளின் பட்டியலோ 2018-இல்தான் பிறந்தது. இடையில் 41 ஆண்டுகள்! இந்தியாவும் 2019-இல் தனக்கென ஒரு சோதனைப் பட்டியலை வகுத்தது. பட்டியல் தாளில் இருக்கிறது.

காப்பீட்டுத் திட்டங்கள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன, அவற்றால் உயிர் பிழைத்தோர் ஏராளம், 2009-இல் நம் மாநிலம் காட்டிய வழி அது. ஆனால் 2018-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த ஐந்து இலட்ச ரூபாய்த் திட்டத்தின் விதியைப் பாருங்கள். மருத்துவமனையில் சேர்வதற்கு முந்திய மூன்று நாள்களின் சோதனைச் செலவை அது ஏற்கும். மூன்று நாள்! மரபணுச் சோதனையின் முடிவு வருவதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும் என்று எந்த ஆய்வுக்கூடத்தைக் கேட்டாலும் சொல்வார்கள். நோயாளி படுக்கையில் படுத்தால்தான் அரசின் பணப்பை திறக்கும் என்பது காப்பீட்டின் இலக்கணம். புற்றுநோயின் இலக்கணமோ வேறு. படுக்கைக்கு முன்பே, மருந்துக்கு முன்பே, மேசைமேல் ஒரு கண்ணாடி வில்லையில் பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

இந்த இடைவெளியை நிரப்ப வந்தவர் யார் தெரியுமா? மருந்து விற்கும் நிறுவனங்களே! நோயாளிக்கு இலவசமாகச் சோதனை செய்து கொடுக்கும் ஏற்பாடுகளை அவை இந்நாட்டில் நடத்தி வந்திருக்கின்றன. உதவி பெற்ற நோயாளியை நான் குறை கூறமாட்டேன். அனுப்பி வைத்த மருத்துவரையும் குறை கூறமாட்டேன். ஆனால் எந்தச் சோதனை இலவசம் என்பதை முடிவு செய்பவன், அந்தச் சோதனையால் எந்த மாத்திரை விற்கும் என்பதை அறிந்தவன். நாளை அவன் கணக்கு மாறினால் இலவசமும் நின்றுபோகும். நெசவாளிக்கு எந்த நூல் வேண்டும் என்பதை நூல் வியாபாரி தீர்மானித்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா?

மறுப்போர் சொல்வதையும் கேட்டேன். "வருமுன் காப்பதே மேல், புகையிலையை ஒழியுங்கள்" என்கிறார்கள். ஒழிப்போம். அதில் இரண்டாம் கருத்தே இல்லை. ஆனால் பீடியைத் தொடாத அந்த அம்மையாரிடம் இதை யார் போய்ச் சொல்வது? இந்தியாவில் இந்நோய் கண்ட பெண்களில் பெரும்பாலோர் புகை பிடிக்காதவர்கள். பீடி பிடித்த தொழிலாளியே ஆனாலும், உடலை முறித்த வேலைக்கிடையே அவன் கண்ட ஒரே ஓய்வு அது என்பதை அறிவோம்; தண்டனையாகச் சோதனையை மறுப்பது மருத்துவமாகாது.

"பயின்ற நோய்க்குறியியல் மருத்துவர்கள் போதவில்லை" என்கிறார்கள். இது மெய்யான தடை. இதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். ஊதியம், பதவி உயர்வு, நகரத்துத் தனியார் கூடங்களின் ஈர்ப்பு எல்லாம் இதில் இருக்கின்றன, ஓராண்டில் தீராது. ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மெழுகில் பதித்த திசுவுக்குப் பனிக்கட்டி வேண்டாம்; அது கெட்டுப்போகாது; தபாலில் போகும், பேருந்துப் பார்சலில் போகும். இருமலோடு ஒரு பெண் இராமநாதபுரத்திலிருந்து சென்னைக்கு வர வேண்டியதில்லை. கட்டைவிரல் அளவுள்ள மெழுகுத் துண்டு வந்தால் போதும். இன்று நடப்பதோ நேர்மாறு. நோயாளி அலைகிறார்; துண்டு அலமாரியில் தூங்குகிறது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது வானத்து அம்புலியை அன்று. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் இம்மாநிலத்தில் திறக்கப்பட்டன. பழையனவும் புதியனவுமான அத்தனை கல்லூரிகளிலும் அந்த இரண்டு சாயங்களும், ஏ.எல்.கே. கோளாற்றைக் காட்டும் மூன்றாவது சாயமும் இருக்க வேண்டும். மூன்றாவதற்கு 2015-இலேயே அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்துவிட்டது. அதற்குத் தனியொரு மரபணு இயந்திரம் தேவையில்லை. ஈ.ஜி.எப்.ஆர். முதலிய மரபணுச் சோதனைகளுக்கு மண்டலத்துக்கு ஒரு கூடம் போதும். அடினோகார்சினோமா என்று தெரிந்தவுடனே, மருத்துவர் இரண்டாம் சீட்டு எழுதும் வரை காத்திராமல், துண்டு தானாகவே அங்கே செல்ல வேண்டும். எதிர்ப்பொருள்களையும் சோதனைப் பொருள்களையும் யார் வாங்குவது? 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக மருந்து வாங்கி விலையை வீழ்த்திக் காட்டியது. பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் பாடம் கற்றன. மாத்திரைக்குச் செய்ததை இதற்கும் செய்யட்டும். காப்பீட்டுப் பணம் படுக்கையைப் பார்த்து அன்று, திசுவைப் பார்த்துப் பாயட்டும். நோயாளி தன் பிளாக்கைக் கேட்டால் தட்டாமல் கொடுக்கவும் வேண்டும். அது அவர் உடலின் துண்டு அல்லவா?

1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் தொடங்கிற்று. அறிஞர் அண்ணா 1968-இல் நியூயார்க் சென்று அறுவை செய்துகொண்டு திரும்பி, 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் அதே புற்றுநோயால் நம்மைவிட்டுப் பிரிந்தார். அவருக்கு வந்தது உணவுக்குழலில் வந்த புற்று. அன்றைய உலகில் கிடைத்த உயர்ந்த மருத்துவம் அவருக்குக் கிடைத்தது. அந்த உயர்ந்த மருத்துவத்திலேயே இச்சோதனைகளுள் ஒன்றுகூட அன்று பிறக்கவில்லை. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அவர் பெயர் தாங்கிய அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அன்று உலகில் எவர்க்கும் இல்லாதது இன்று உலகில் இருக்கிறது. அந்த வாயிலுக்குள் நுழையும் கைத்தறி நெசவாளிக்கு அது இருக்க வேண்டும் என்று கேட்க, அவர் பெயரைச் சொல்லும் எவருக்கும் தயக்கம் இருக்கலாமா?

மஞ்சள் பைத் தோழரின் கதையைப் பாதியில் விட்டேன். திசு தீர்ந்துபோயிற்று, மறுமுறை ஊசி போட அம்மையாரின் மூச்சு இடங்கொடுக்கவில்லை. இரத்தத்திலேயே மரபணுவைத் தேடும் சோதனை ஒன்று உண்டு. 2016 முதல் ஒப்புதல் பெற்றது. இருப்பதைச் சில வேளை இல்லையென்று காட்டிவிடும் குறை அதற்கு உண்டு. ஆனால் உண்டு என்று காட்டினால் நம்பலாம். தனியார் கூடத்தில் பல்லாயிரம் ரூபாய். மாநாட்டுக்குக் குலுக்கும் உண்டியலைக் கிளைத் தோழர்கள் கடைத்தெருவில் குலுக்கினார்கள். நான்கு நாளில் பணம் சேர்ந்தது. பன்னிரண்டாம் நாள் முடிவு வந்தது: ஈ.ஜி.எப்.ஆர். பிழை உண்டு. அதற்குள் அந்த உடல் நான்கு சுற்று மருந்தேற்றத்தைத் தாங்கி முடித்திருந்தது. இப்போது நாளுக்கு ஒரு மாத்திரை. இருமல் குறைந்திருக்கிறது, வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்கிறார் என்று தோழர் தொலைபேசியில் சொன்னார்.

சொல்லிவிட்டு அவரே மெல்லிய குரலில் இன்னொன்றும் சொன்னார். மருத்துவமனையில் அடுத்த கட்டிலில் இருந்த பெண்ணிடமும் அதே மூன்று வரித் தாள் இருந்ததாம். அவள் கணவன் செங்கல் சூளையில் வேலை செய்பவன். எந்தக் கட்சியிலும் உறுப்பினன் அல்லன். அவனுக்காக உண்டியல் குலுக்க யாருமில்லை.

ஒவ்வொரு மாவட்டத் தோழரும் தத்தம் அரசு மருத்துவமனையில் மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதுங்கள். டி.டி.எப்-1, பி-40 சாயங்கள் இங்கேயே போடப்படுகின்றனவா? மரபணுச் சோதனைக்குத் திசு எங்கே போகிறது, எத்தனை நாளில் முடிவு வருகிறது? அந்தச் செலவை ஏற்பது அரசா, நோயாளியா, மருந்து நிறுவனமா? மருத்துவர்களையும் ஆய்வுக்கூட ஊழியர்களையும் பணிவோடு கேளுங்கள். அவர்கள் நம் எதிரிகள் அல்லர், இக்குறைகளை நம்மைவிட நன்கறிந்தவர்கள். நல்ல விடை வந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். விடைகளை மாவட்டவாரியாக இப்பகுதியிலேயே வெளியிடுவோம். சட்டமன்றத்தில் நம் உறுப்பினர்கள் கையிலும் அதே பட்டியல் இருக்கும்.